அகன்ற மூக்கும் ‘நியாயமான அச்சமும்’

சென்ற மாதம் ஆய்வு மாணவர்கள் சிலர் தேநீர்க் கடையில் கூடியிருந்தோம். அமெரிக்கக் காவல்துறை பற்றிப் பேச்சு வந்தது. நிறைய வாசிக்கிற, சாதி ஒழிப்பில் உறுதியான தோழர் ஒருவர் சொன்னார்: “அங்க நிலைமை வேற தோழர். கார்ல வர்றவன் எவன்கிட்ட துப்பாக்கி இருக்கும்னே தெரியாது. போலீஸ்காரன் பயப்படத்தான செய்வான்?” சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் அப்போது வாய் திறக்கவில்லை. அந்தத் தலையாட்டல் பல நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

பயப்படத்தான் செய்வான் என்றால், யாரைப் பார்த்து?

2016 ஜூலை 6. மின்னசோட்டா மாநிலத்தின் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற சிறு நகரம். இரவு ஒன்பது மணியைத் தாண்டிய நேரம். 32 வயது பிலாண்டோ காஸ்டில் காரை ஓட்டி வருகிறார். பக்கத்தில் அவருடைய தோழி, பின் இருக்கையில் அந்தப் பெண்ணின் நான்கு வயது மகள். காஸ்டில் செயின்ட் பால் நகரத்தில் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் வேலை செய்தவர். ஏறக்குறைய 500 குழந்தைகளின் பெயரையும், எந்தக் குழந்தைக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் என்று உடன் வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஜெரோனிமோ யானஸ் என்ற காவலர் காரை நிறுத்துகிறார். காஸ்டிலிடம் சொன்ன காரணம், பிரேக் விளக்கு எரியவில்லை என்பது. அதற்குச் சற்று முன்பு வயர்லெஸ் கருவியில் சக காவலரிடம் சொன்ன காரணம் வேறு. சில நாட்களுக்கு முன் அந்தப் பகுதிக் கடையொன்றில் நடந்த கொள்ளையில் தேடப்படுகிறவர்களைப் போல இவர்கள் இருக்கிறார்களாம். குறிப்பாக ஓட்டுநர், அவருடைய அகன்ற மூக்கினால்.

காஸ்டில் காப்பீட்டுத் தாளை எடுத்துக் கொடுக்கிறார். பிறகு, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை மரியாதையாக, ‘சார்’ என்று விளித்துத் தெரிவிக்கிறார். அதை வைத்துக்கொள்ள அவருக்கு அரசு கொடுத்த உரிமம் உண்டு. எடுக்காதே என்கிறார் காவலர். எடுக்கவில்லை என்கிறார் இவர். அவர் எடுக்கவில்லை என்று தோழியும் சொல்கிறார். அடுத்த நொடி ஏழு குண்டுகள். அவர் கேட்ட ஓட்டுநர் உரிமத்தைத்தான் எடுக்கப் போனார் என்கிறார் தோழி. அந்தப் பெண் கைப்பேசியில் நேரலையாகப் பேசத் தொடங்கியதால்தான் இந்தக் கொலை உலகத்துக்குத் தெரிந்தது. காஸ்டிலின் துப்பாக்கி கால்சட்டைப் பையிலேயே இருந்தது. சுடும் அறையில் குண்டு ஏற்றப்பட்டிருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். காரின் மறுபக்க ஜன்னலருகே இன்னொரு காவலர் நின்றிருந்தார். அதே இரவு, அதே கார், அதே மனிதர். குற்றப்பத்திரிகையின்படி அவர் தன் துப்பாக்கியின் மீது கைகூட வைக்கவில்லை. பயப்படத்தான் செய்வார்கள் என்றால் அவருக்கு ஏன் பயம் வரவில்லை?

யானஸ் விசாரணையில் சொன்ன ஒரு வாக்கியம் என்னால் மறக்க முடியாதது. காருக்குள் கஞ்சா வாடை வந்ததாம். சிறுமி முன்பாகவே கஞ்சா புகைக்கத் துணிந்தவன் என் உயிரைப் பற்றியா கவலைப்படுவான் என்று நினைத்தாராம். அதாவது, அந்தக் குழந்தையின் நுரையீரல் மீது அவ்வளவு அக்கறை. அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்த காருக்குள் ஏழு முறை சுடுகிற அளவுக்கு அக்கறை!

2017 ஜூன் 16 அன்று ஜூரிகள் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தார்கள். அவர் உண்மையிலேயே பயந்தார், அந்தப் பயம் நியாயமானது என்பதுதான் வழக்கறிஞர்களின் வாதம். அது வென்றது.

‘நியாயமான’ என்ற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் ஒரு அளவுகோலை வகுத்தது: காவலர் பயன்படுத்திய பலம் சரியா தவறா என்பதை, சம்பவ இடத்தில் நிற்கிற ஒரு நியாயமான காவலரின் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த வழக்கின் கிரஹாம் யார் தெரியுமா? சர்க்கரை நோயாளியான கறுப்பினத்தவர். உடம்பில் சர்க்கரை குறைந்து, ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் போனவர், வரிசை நீளமாக இருந்ததால் விரைந்து வெளியே வந்தார். வேகமாக வெளியே வந்தது ஒரு காவலருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. காரை நிறுத்தினார்கள், விலங்கு மாட்டினார்கள், கால் எலும்பு முறிந்தது. சாறு குடிக்கப் போனவரின் பெயரில் அமைந்த வழக்குதான் இன்றும் காவலர்களின் அச்சத்துக்குச் சட்டக் கவசமாக இருக்கிறது. காவலரின் கண்ணால் பார் என்கிற சட்டம், ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறவரின் கண்ணால் ஒருமுறைகூடப் பார்க்கச் சொல்வதில்லை. காஸ்டிலுக்கு நியாயமான அச்சம் இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. இருக்கக் காரணம் உண்டு. 2002 முதல் 46 முறையாவது அவர் காரை நிறுத்தியிருக்கிறார்கள். 6000 டாலருக்கு மேல் அபராதம் விதித்திருக்கிறார்கள். என்பிஆர் வானொலி அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது, காருக்கு வெளியே இருந்து பார்த்தால் தெரியக்கூடிய குற்றத்துக்காக நிறுத்தியது ஆறே முறைதான் என்று தெரிந்தது. மற்றவை எல்லாம் நிறுத்திய பிறகு கிடைத்த குற்றங்கள்.

சரி, காவலர்களின் உயிருக்கு ஆபத்தே இல்லையா? உண்டு. வாகனத்தை நிறுத்தப் போய்ச் சுடப்பட்டு இறந்த காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் ஆபத்தின் அளவு என்ன? ஜோர்டன் பிளேர் வுட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் ஃபுளோரிடாவில் 200-க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகளின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் கட்டுரை வெளியிட்டார். வழக்கமான போக்குவரத்து நிறுத்தங்களில் காவலர் கொல்லப்படுவது 65 லட்சம் நிறுத்தங்களுக்கு ஒன்று. கடுமையாகக் காயப்படுவது 3,61,111-க்கு ஒன்று. மறுபுறம் பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஒவ்வொரு கார் ஜன்னலும் உன் சாவாக இருக்கலாம் என்று. சுடப்பட்டு விழும் காவலர்களின் காணொலிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். யானஸ் 2014-இல் கலந்துகொண்ட பயிற்சியின் பெயரே ‘குண்டு துளைக்காத போர்வீரன்’. போர்வீரனைத் தெருவுக்கு அனுப்பினால் அவன் எதிரியைத்தான் தேடுவான். எதிரியின் முகம் எப்படியிருக்கும் என்பதை அந்தச் சமூகம் அவனுக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டது.

நிஜமான ஆயுததாரி வரும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 2015 ஜூன் 17 அன்று டிலன் ரூஃப் என்ற வெள்ளை இனவெறியன் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் வேதபாடத்துக்கு வந்திருந்த ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றான். மறுநாள் காலை வடக்கு கரோலினாவின் ஷெல்பி நகரத்தில் காவலர்கள் அவன் காரை நிறுத்தினார்கள். அவன் கொலைகாரன் என்று அவர்களுக்குத் தெரியும். ஆயுதம் வைத்திருப்பான் என்றும் தெரியும். காரில் துப்பாக்கி இருந்தது. ஒரு தோட்டா செலவாகவில்லை. விலங்கு மாட்டி அழைத்துப்போனார்கள். பசிக்கிறது என்றதும் பர்கர் கிங்கிலிருந்து சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். அவனையும் சுட்டிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படித்தான் கைது செய்ய வேண்டும். ஆயுதம் வைத்திருப்பவரை உயிரோடு நிறுத்தும் வித்தை அந்நாட்டுக் காவலர்களுக்குத் தெரியும் என்பதற்கு ஷெல்பியே சாட்சி. ஒன்பது பேரைக் கொன்றவனுக்குக் கிடைத்த பொறுமை, குழந்தைகளுக்குச் சோறு போட்டவருக்குக் கிடைக்கவில்லை.

துப்பாக்கி உரிமையைத் தெய்வமாக்கிய நாட்டில், உரிமம் பெற்ற ஒருவர் உரிமத்தைச் சொன்னதற்காகச் சுடப்பட்டார். துப்பாக்கி உரிமைக்காகவே இருக்கிற தேசிய ரைஃபிள் சங்கம் பொங்கி எழுந்திருக்க வேண்டாமா? இரண்டு நாள் கழித்து, பெயர்கூடச் சொல்லாமல், மின்னசோட்டாச் செய்திகள் கவலை தருகின்றன, விசாரிக்கப்பட வேண்டும் என்று ஓர் அறிக்கை. வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 1857-இல் டிரெட் ஸ்காட் தீர்ப்பில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பர்களைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன விபரீதம் வரும் என்று அடுக்கினார். எங்கு வேண்டுமானாலும் ஆயுதம் ஏந்திப் போவார்கள் என்பது அதில் ஒன்று. 1967-இல் ஓக்லாந்தின் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கியுடன் காவல்துறை வாகனங்களைப் பின்தொடர்ந்து கண்காணித்தபோது, கலிஃபோர்னியாவில் பொதுவெளியில் குண்டேற்றிய துப்பாக்கி ஏந்துவதற்குத் தடை வந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். ஆதரித்தது இதே ரைஃபிள் சங்கம்.

ஆயுதம் யார் கையில் இருந்தால் உரிமை, யார் கையில் இருந்தால் ஆபத்து என்ற கேள்வி நமக்குப் புதியதல்ல. ஒடுக்கப்பட்ட மக்கள் ஏன் இங்கே புரட்சி செய்யவில்லை என்று 1936-இல் கேட்ட அம்பேத்கர், ஆயுதம் ஏந்தும் உரிமையை நால்வருணம் அவர்களிடமிருந்து பறித்ததையும் காரணமாகச் சொன்னார்.

அந்த மூக்குக்கும் நமக்கும்கூட ஒரு சொந்தம் இருக்கிறது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் உயரத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர். மூக்கு அகல அகலச் சாதி கீழே போகுமாம். 1948-இல் ‘தீண்டப்படாதார்’ நூலில் அம்பேத்கர் மூக்களவைப் புள்ளிவிவரங்களை வைத்தே, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற கதையை உடைத்தார். அதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த ஒரு நாட்டில், ஓடும் காருக்குள் இருக்கிற மூக்கை இன்னொரு காரிலிருந்து அளந்து ஒருவர் ‘சந்தேகத்துக்குரியவர்’ என்கிறார்.

யானஸ் வெள்ளையர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும், மெக்சிகோ வம்சாவளியினர். இதை வைத்துக்கொண்டு ‘அப்புறம் எங்கே இனவெறி?’ என்று அங்கே பலர் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நம்மைவிடத் தெளிவாக யார் பதில் சொல்ல முடியும்? சேரிக்குள் நுழைந்து அடிக்கிற காவலர் பெரும்பாலும் அக்கிரகாரத்திலிருந்து வருவதில்லை. படிநிலைச் சமமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான். மேலே இருப்பவரின் பார்வையை நடுவில் இருப்பவர் சீருடையோடு சேர்த்து அணிந்துகொள்கிறார்.

முதுகலை படிக்கும்போது ஒரு மாலை என் இருசக்கர வாகனத்தை நிறுத்தினார்கள். தலைக்கவசம், உரிமம், காப்பீடு எல்லாம் இருந்தன. எல்லாம் சரியாக இருந்ததுதான் அவருக்குப் பிரச்சினையாகிவிட்டது போல. “எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “ஊரா, காலனியா?” பதில் சொன்னதும் வண்டிச் சாவி அவர் கைக்குப் போனது. ஒரு மணி நேரம் ஓரமாக நிற்க வைத்தார்கள். என்னிடம் துப்பாக்கி இல்லை, அவருக்கு என்னைக் கண்டு பயமும் இல்லை. அமெரிக்காவில் துப்பாக்கியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது எனக்குத் தெரிந்த ஒன்றுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன்; நான் அன்றிரவு விடுதிக்குத் திரும்பி வந்தேன்.

‘பணிந்து போனால் பிரச்சினையில்லை’ என்கிற உபதேசம் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். காவலர் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பாடம் நடத்த டெக்சஸ் மாநிலம் 2017-இல் சட்டமே போட்டது. கையை ஸ்டியரிங்கில் வை, மெதுவாகப் பேசு, சொல்லிவிட்டு அசை. காஸ்டிலின் தாயும் தன் பிள்ளைகளுக்கு அதையே சொல்லி வளர்த்தவர்: நிறுத்தினால் பணிந்து போ. மகன் பணிந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். பதினெட்டு வயதுப் பிள்ளை தோட்டாவின் முன்னால் நிதானமாக இருக்க வேண்டும். சம்பளமும் பயிற்சியும் கவச உடையும் பெற்ற காவலர் மட்டும் நிதானம் இழக்கலாம் என்றால், இது யாருடைய பாதுகாப்புக்கான பாடம்?

அங்கே போராடியவர்கள் காவலருக்கு இன்னும் நல்ல பயிற்சி கொடு என்பதோடு நிற்கவில்லை. நிறுத்துவதையே குறை என்றார்கள். அற்பக் குற்றத்தைச் சாக்காக வைத்து, உள்ளே வேறு என்ன கிடைக்கும் என்று துழாவ வண்டியை நிறுத்தலாம் என 1996-இல் ரென் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அந்த வாசலைத்தான் அடைக்கச் சொன்னார்கள். 2021 ஏப்ரலில் மினியாபொலிஸ் அருகே புரூக்ளின் சென்டரில், பதிவுக் காலம் கடந்த வண்டி என்று நிறுத்தப்பட்ட இருபது வயது டான்ட்டே ரைட்டை, மின்னதிர்வுத் துப்பாக்கி என்று நினைத்து நிஜத் துப்பாக்கியால் சுட்டதாக ஒரு காவலர் சொன்னபோது அந்தக் குரல் வலுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா மாநகராட்சி எட்டு வகைச் சிறு மீறல்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, காஸ்டில் கொல்லப்பட்ட ராம்சி மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் ஜான் சோய் ஒரு முடிவை அறிவித்தார். யானஸ் மீது குற்றம் சாட்டித் தோற்றவர் அவர்தான். பொதுப் பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத சில்லறைக் காரணங்களுக்காக நிறுத்தி, அதன்வழி கண்டுபிடிக்கும் குற்றங்களைத் தன் அலுவலகம் இனி வழக்காக எடுக்காது என்றார்.

தேநீர்க் கடைத் தோழருக்கு நான் சொல்லாமல் விட்டது இதுதான். எரியாத விளக்குக்கு வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பலாம். வண்டி எண் இருக்கிறது, முகவரி இருக்கிறது. இருட்டில் ஜன்னலருகே போய் நிற்க வேண்டிய தேவையே காவலருக்கு இல்லை. அவர் போகாத ஜன்னலில் அவருக்கும் ஆபத்தில்லை, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்தில்லை.