இரக்கமா? மானமா?

அமெரிக்க நாவலாசிரியர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் அவரவர் ருசிக்கேற்ப ஆளுக்கொரு பெயர் சொல்லுவார்கள். அந்தப் பந்தயத்தில் நமக்கு அக்கறையில்லை. ஆனால் அடிமைத்தனம் என்கிற ஒரே விஷயத்தைப் பற்றி, 135 வருஷ இடைவெளியில், இரண்டு பெண்மணிகள் எழுதிய இரண்டு நாவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எவருக்கும் பயன்படும். ஒருவர் ஹாரியட் பீச்சர் ஸ்டோ (1811–1896). வெள்ளைக்காரர், பாதிரியின் மகள். மற்றவர் டோனி மாரிசன் (1931–2019). கறுப்பர், தொழிலாளியின் மகள்.

ஓடிப்போன அடிமை சுதந்தர மாகாணத்துக்குள் போய்விட்டாலும், அவனைப் பிடித்து எஜமானனிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று 1850-ல் அமெரிக்காவில் சட்டம் செய்தார்கள். அதைக் கண்டு கொதித்து ஸ்டோ அம்மையார் எழுதியதே “டாம் மாமாவின் குடிசை”. 1852-ல் புத்தகமாக வந்து, முதல் வருஷத்தில் அந்நாட்டில் மாத்திரம் 3 லட்சம் பிரதிகள் விற்றது. உள்நாட்டு யுத்தத்துக்கே இந்த அம்மையார்தான் காரணம் என்று லிங்கன் சொன்னதாக ஒரு கதையுண்டு. அதற்கு அக்காலத்திய ஆதாரம் கிடையாது. அந்தக் கதை இல்லாமலேயே புத்தகத்தின் பெருமை நிற்கும்.

நிற்க, அப்புத்தகம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? வெள்ளைக்காரத் தாய்மார்களைப் பார்த்து, “மனம் இரங்குங்கள்” என்று பேசுகிறது. டாம் கோழையல்ல, சக அடிமையைச் சவுக்காலடிக்க மாட்டேன் என்று மறுத்தவன். ஆனால் அடிபட்டுச் சாகும்போதும் அடித்தவர்களை மன்னித்துவிட்டே சாகிறான். தப்பிப் பிழைத்த ஜார்ஜும் எலிஸாவுமோ ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்குப் போய்விடுகிறார்கள். அதாவது, கறுப்பனுக்காகக் கண்ணீர் விடலாம். ஆனால் சமமாக அடுத்த வீட்டில் குடியிருக்க மாத்திரம் இடமில்லை! இரக்கத்துக்கு எல்லை அவ்வளவுதான்.

இனி மாரிசன் அம்மையாரைப் பார்ப்போம். ஸ்டோவின் எலிஸா குழந்தையோடு ஒஹையோ நதியின் பனிக்கட்டிகள் மேல் ஓடித் தப்புகிறாள். அது கதை. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்கிற பெண் உண்மையாகவே உறைந்த அதே நதியைக் குடும்பத்தோடு கடந்தாள். பிடிக்க வந்து வீட்டைச் சூழ்ந்து கொண்டார்கள். அடிமையாக வளருவதைவிடச் சாவதே மேல் என்று தன் சின்னஞ்சிறு பெண் குழந்தையைத் தன் கையாலேயே கொன்றாள். அவளைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று அடிமை ஒழிப்புக்காரர்கள் முயன்றார்கள். ஏனென்றால் கொலைகாரி என்றாலாவது மனுஷி என்று ஏற்பட்டுவிடும்! சட்டமோ அவளைத் தப்பிப்போன சொத்து என்று சொல்லித் திருப்பியனுப்பியது.

இந்தச் செய்தியிலிருந்து பிறந்ததுதான் மாரிசன் 1987-ல் வெளியிட்ட “பிலவ்டு”. அதில் செத்தெ என்கிற தாய் எவரிடமும் இரக்கம் கேட்பதில்லை. பேபி ஸக்ஸ் என்கிற கிழவி தன் ஜனங்களைக் கூட்டி, பரலோகத்தைக் காட்டி ஏமாற்றாமல், பிறர் வெறுக்கிற உங்கள் கையையும் காலையும் நீங்களே நேசியுங்கள் என்கிறாள். தாம் கறுப்பு மக்களுக்காகவே எழுதுவதாக மாரிசனும் கூசாமல் சொன்னார். அவருக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது.

“அந்த நாவலில் செத்த குழந்தை பேயாக வருகிறதே, பகுத்தறிவுக்காரர்கள் இதைப் புகழலாமா?” என்று சிலர் கேட்கலாம். பேய் உண்டென்று நம்பச் சொல்ல எழுதிய கதையல்ல அது. அடிமைத்தனத்தைச் சட்டம் 1865-ல் ஒழித்தாலும், அது மனத்தைவிட்டு ஒழியவில்லை என்பதற்கு ஏற்பட்ட உருவமே அந்தப் பேய். அதைக் காட்டித் தட்சிணை வாங்க அங்கே மந்திரவாதி எவனும் இல்லை.

ஸ்டோவைக் குறை சொல்லி ஒதுக்குவது நமது நோக்கமல்ல. எழுத்தறிவதே அடிமைக்குக் குற்றமாயிருந்த மாகாணங்கள் பல உள்ள நாட்டில், அவர் வாய் திறந்தது பெரிய காரியம். ஆனால் இரக்கம் என்பது கொடுக்கிறவன் கையை மேலேயும் வாங்குகிறவன் கையைக் கீழேயும் வைத்திருப்பது. மானமோ இரண்டு கைகளையும் சமமாக்குவது. ஆகவே, ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும், “இது அவர்களைப் பற்றிப் பேசுகிறதா, அவர்களோடு பேசுகிறதா?” என்று முதலில் கேட்டுப் பார்க்கும்படி வாசகர்களை வேண்டிக்கொள்ளுகிறோம்.