இலை மட்டும் மருந்து ஆகிடாதுங்க

கோயில்ல தொண்டு செய்யுறவன் என்ற முறையில ஒரு விஷயத்தை மனசு விட்டுப் பேசணும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன சஷ்டி விரதத்தன்னிக்கு, சாயரட்சை பூசைக்கு முன்னால ஒரு ஐயா தூணைப் பிடிச்சபடி அப்படியே உட்கார்ந்துட்டார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுது. நம்ம தொண்டர்கள்ல தாதியா வேலை செய்யுற அக்கா ஒருத்தர் உடனே விரல்ல குத்திப் பார்த்தாங்க. சர்க்கரை 2.9. நாலுக்குக் கீழே போனாலே குறைவு. சீனித் தண்ணி கொடுத்து, கொஞ்ச நேரத்தில தெளிஞ்சார். அப்புறம் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம்.

வழியில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். "விரதம்தானே, ஒண்ணும் சாப்பிடல. காலையில இனிப்பு நீர் மாத்திரை போட்டேன். நீ புலனத்தில போட்டியே தம்பி, அந்த நிலவேம்புக் கஷாயம், அதையும் குடிச்சேன்" என்றார்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அந்தச் செய்தியை நான்தான் குழுவில பகிர்ந்தேன். யார் எழுதினது, யாருக்கு ஆகும், எவ்வளவு குடிக்கணும், எதையும் பார்க்கல. 'நம்ம பாரம்பரியம்' என்று இருந்தது, தட்டி விட்டேன்.

நான் மூலிகை மருத்துவத்துக்கு எதிரி இல்லீங்க. தோட்டத்தில வளர்ந்தவன். சளி பிடிச்சா கற்பூரவள்ளி, இருமலுக்குத் தூதுவளை, அம்மை கண்டா வேப்பிலை, இப்படித்தான் பாட்டி எங்களை வளர்த்தாங்க. நான் சொல்ல வர்றது வேற. இலையின் பேரை மட்டும் எடுத்துக்கிட்டு, முறையை விட்டுட்டா அது பாரம்பரியம் ஆகாது.

சித்த மருத்துவத்தில வைத்தியர் முதல்ல நோயாளியைத்தான் பார்ப்பார். நாடி, நாக்கு, நிறம், குரல், கண், தொடு உணர்வு, மலம், சிறுநீர் என்று எட்டு வகைச் சோதனை. வாதம், பித்தம், கபம் மூணில எது கூடியிருக்கு, எது குறைஞ்சிருக்கு என்று கணிப்பார். அதனாலதான் ஒரே காய்ச்சலுக்கு வந்த ரெண்டு பேருக்கு ரெண்டு மருந்து கிடைக்கும். அதே சூரணத்தைக்கூட ஒருத்தருக்குத் தேன்ல கொடுப்பார், இன்னொருத்தருக்கு நெய்யில கொடுப்பார். அதுக்குப் பேர் அனுபானம்.

அடுத்தது சுத்தி. சுக்கைத் தோல் சீவாம சேர்க்கக்கூடாது. கடுக்காயில கொட்டையை நீக்கணும். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாம தொட்டாலே கொப்பளிச்சுடும். நம்ம முன்னோர்களே மூலிகையில நஞ்சும் உண்டு என்று தெரிஞ்சுதான் இவ்வளவு விதி வச்சாங்க. இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது என்று அவங்க சொல்லவே இல்ல. நாமதான் சொல்றோம்.

நிலவேம்புக் குடிநீரையே பாருங்க. அது ஒரு இலை இல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் எல்லாம் சேர்த்து ஒன்பது சரக்கு. அளவாத் தண்ணி விட்டு வத்த வச்சு, காய்ச்சலுக்குக் கொடுக்கிறது. நம்ம நாட்டில 'ஹெம்பெடு பூமி' என்று விக்கிறது அதில ஒரே ஒரு சரக்கான நிலவேம்பைத்தான். பலர் அதை இனிப்பு நீருக்குக் குடிக்கிறாங்க. அது சர்க்கரையைக் குறைக்கக்கூடும். மாத்திரையும் குறைக்கும். விரதமும் குறைக்கும். மூணும் ஒரே நாள்ல சேர்ந்தா, அந்த ஐயாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இன்னொரு வேதனை. கிளினிக்ல கேட்டா, 'மூலிகை ஒண்ணும் சாப்பிடல' என்று சொல்லிடுறோம். டாக்டர் திட்டுவார் என்று பயம். அந்தக் காலத்தில வைத்தியர்கிட்ட யாராவது மறைச்சாங்களா? பத்தியம் மீறினதைக்கூட ஒத்துக்கிட்டாங்க. மறைக்கிறதும் நம்ம மரபு இல்ல.

அதனால என் கருத்து இதுதான். ஆடி மாசம் கோயில்ல கஷாயம் கொடுக்கணும், பொடி விக்கணும் என்று சிலர் கேட்கிறாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று தெரியாம, வரிசையில நிக்கிற எல்லாருக்கும் ஒரே கிண்ணத்தில மருந்து ஊத்தக்கூடாது. பிரசாதம் எல்லாருக்கும் பொது. மருந்து அப்படி இல்ல. சுக்கு மல்லித் தண்ணி கொடுப்போம், மோர் கொடுப்போம். மருந்து வேணும்னா முறையாப் படிச்ச சித்த வைத்தியரை ஒரு நாள் அழைச்சு, ஆளுக்கு ஆள் பார்க்கச் சொல்வோம். நம்ம நாட்டில 2016லேயே பாரம்பரிய மருத்துவத்துக்குச் சட்டம் வந்தாச்சு, பதிவு பெற்றவங்க இருக்காங்க. பொடி, மாத்திரை வாங்கினா டப்பாவில 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இருக்கா என்று பாருங்க. பதிவில்லாத சில 'மூலிகை' மருந்துகள்ல ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சே கண்டுபிடிச்சு எச்சரிச்சிருக்கு.

இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க, கர்ப்பிணிகள், தயவு செய்து கேட்காம எதையும் குடிக்காதீங்க. விரதம் இருக்கிறதா இருந்தா மாத்திரையைப் பத்தி முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேளுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

அந்த ஐயாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி, நல்லதுன்னு நினைச்சுத்தானே போட்ட" என்று சிரிச்சார். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துது. இந்தப் பதிவைப் பகிர்றதா இருந்தா, முழுசா படிச்சிட்டுப் பகிருங்க. நான் அன்னிக்குச் செய்யாதது அது.

வேலும் மயிலும் துணை.