வழுக்கி விழுந்தவர்கள்

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் பேப்பர் ஒன்றுதான். வாசகர்கள் எட்டுப் பேர். தலைப்புச் செய்தி ஒருத்தர் கையில், கிரிக்கெட் இன்னொருத்தர் கையில், ராசிபலன் எப்போதும் டீ மாஸ்டர் கையில். போன வாரம் என் பங்குக்கு வந்தது உள்ளூர்ச் செய்தி. அதில் ஒரு போட்டோ. வழிப்பறிக் கேஸில் பிடிபட்ட பையன். வலது கையில் மாவுக்கட்டு, இடது காலில் மாவுக்கட்டு. இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள், மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானாம் மாப்ள" என்றான் நண்பன்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீ கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

யோசித்துப் பாருங்கள். நானும் எத்தனையோ லாட்ஜ் பாத்ரூம்களில் குளித்திருக்கிறேன். பாசி பிடித்த படித்துறையில் இறங்கியிருக்கிறேன். கை கால் முழுசாகத்தான் இருக்கிறது. ஸ்டேஷன் பாத்ரூமில் மட்டும் அப்படி என்ன தரை போடுகிறார்களோ! அங்கே இன்ஸ்பெக்டர் விழுவதில்லை, ஏட்டு விழுவதில்லை. அக்யூஸ்டு மட்டும் விழுகிறான். விழுந்தாலும் கை ஒன்று, கால் ஒன்று என்று கணக்காக முறிகிறது.

நான் சொன்னால் இது டீக்கடை ஜோக். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டது. கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸ்காரர்கள் விழவே மாட்டார்களா என்று. நீதிபதிகள் கேட்டபோது யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

எனக்கும் அன்று ராத்திரி சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

* * *

பத்து வருஷத்துக்கு முன்னால் என் பைக் திருடு போனது. மூன்று தவணை பாக்கி இருந்த பைக். வண்டி போன பிறகும் தவணை கட்டுவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மனைவி இல்லாத மாமியார் வீட்டுக்குத் தீபாவளிச் சீர் அனுப்புகிற மாதிரி.

ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். புகார் எழுதிக் கொடுத்தேன். நாலாம் நாள் கூப்பிட்டார்கள். சுவரோரம் ஒரு பையன் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தான். இருபது வயசு இருக்கும். பஞ்சர் கடையில் வேலை பார்ப்பவன். என் பைக்குக்குக் காற்றுப் பிடித்த பையன்தான்.

"இவன்மேலதான் சந்தேகம். ரெண்டு போட்டா கக்கிடுவான். போடட்டுமா சார்?" என்றார் அங்கிருந்தவர். சர்க்கரை போடட்டுமா என்று கேட்கிற அதே குரலில்.

நான் என்ன சொன்னேன்? 'ஐயோ, வேண்டாம் சார்' என்று சொன்னதாக எழுதினால் எனக்கு நல்ல பேர் கிடைக்கும். சொல்லவில்லை. 'போடுங்க' என்றும் சொல்லவில்லை. பி.காம். படித்தவன் இல்லையா, கையெழுத்துப் போடாமல் காரியம் முடிக்கத் தெரியும். "எனக்கு வண்டி கிடைச்சாப் போதும் சார்" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் மொபைலை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து வண்டி அரியலூர்ப் பக்கம், சிமென்ட் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு ஓட்டல் வாசலில் கிடைத்தது. திருடியவன் வேறு ஆள். அவனும் வேறு கேஸில் மாட்டினான். பஞ்சர் கடைப் பையனுக்கும் என் பைக்குக்கும் காற்றைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை.

* * *

2025 ஜூன் கடைசியில் மடப்புரம் செய்தி வந்தபோது எனக்கு அந்த வேப்ப மரம்தான் ஞாபகம் வந்தது.

சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் பக்கம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில். அங்கே தற்காலிகக் காவலாளி அஜித்குமார். சாமி கும்பிட வந்தவரின் காரிலிருந்த நகையைக் காணோம் என்று புகார். தனிப்படை விசாரித்தது. விசாரித்தது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து வீடியோ எடுத்ததால் ஊருக்கும் தெரிந்தது. உடம்பில் 44 காயங்கள். உயர் நீதிமன்றம் கொதித்தது, போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, முதலமைச்சர் அந்த அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டார்.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால் சாத்தான்குளம். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தில் மொபைல் கடையை மூடவில்லை என்று ஜெயராஜைக் கூட்டிப் போனார்கள். அப்பாவைத் தேடி மகன் பென்னிக்ஸ் போனார். ராத்திரி முழுக்க அடி. தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக் காயம் என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. (பாத்ரூம் இல்லாத இடத்தில் உருளல்.) அரசு டாக்டர் உடம்பு சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். மாஜிஸ்திரேட் ரிமாண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். கோவில்பட்டி கிளைச் சிறை வாங்கிக்கொண்டது. 22-ஆம் தேதி ராத்திரி மகன் இறந்தார். 23-ஆம் தேதி காலையில் அப்பா.

அடித்தவர்களை விடுங்கள். டாக்டர், மாஜிஸ்திரேட், ஜெயில் என்று எத்தனை மேஜைகளைத் தாண்டி அந்த இரண்டு பேர் போயிருக்கிறார்கள்! ஒவ்வொரு மேஜையிலும் ஒருத்தர் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். எங்கள் ஆபீஸில் நூறு ரூபாய் ஆட்டோச் செலவுக்கு வவுச்சர் இல்லையென்றால் மூன்று பேர் கேள்வி கேட்பார்கள். அங்கே இரண்டு உயிர் செலவான கணக்கில் எல்லா வவுச்சரும் சரியாக இருந்தது. அதுதான் பயங்கரம்.

நிமிர்ந்து பார்த்தவர் ஒருத்தர் அதே ஸ்டேஷனில் இருந்தார். தலைமைக் காவலர் ரேவதி. விசாரிக்க வந்த கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டிடம், விடிய விடிய அடித்தார்கள், லட்டியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருக்கிறது என்று பயந்து பயந்து சொன்னார். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே அங்கே மரியாதையில்லாமல் பேசினார்கள். ஸ்டேஷனை வருவாய்த் துறை வசம் ஒப்படைக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. ஸ்டேஷன் கேமரா? இருந்தது. பதிவானதெல்லாம் தினம் தினம் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். பரண்மேல் போட்ட பழைய ரேடியோ மாதிரி, இருக்கிறது என்ற கணக்குக்கு இருந்தது.

* * *

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னேன். நண்பன் விடவில்லை.

"சரிடா. அப்ப கோர்ட்டுக்குப் போனா மட்டும் நியாயம் கிடைச்சிடுமா? பத்து வருஷம் இழுப்பான். சாட்சி செத்துப் போயிடும். போலீஸ் ரெண்டு தட்டு தட்டினாத்தான் பயம் இருக்கும்."

அவன் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் தொண்டையில் நிற்கிறது.

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலைவாழ் மக்கள் ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. அப்பீல் முடிந்து உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல், அதே செப்டம்பர் 29. மொத்தம் 31 வருஷம். அன்று பிறந்த குழந்தைக்கு அதற்குள் கல்யாணமே ஆகியிருக்கும்.

தூத்துக்குடி ஸ்டெர்லைட். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் அறிக்கை கொடுத்து, 17 போலீஸ்காரர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. சாத்தான்குளம் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னார்கள். 2025 ஜூலையிலும் விசாரணை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆக, கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தை நாம் எங்கே கொண்டு போய்க் கொட்டுகிறோம்?

2019 டிசம்பர் 6. ஹைதராபாத்தில் கால்நடை டாக்டர் ஒருவரைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ்மேல் பூப் போட்டார்கள். ஸ்வீட் கொடுத்தார்கள். நம் ஆபீஸ்களிலும் அன்று மதியச் சாப்பாட்டில் கைதட்டல்தான்; நானும் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன். 2022-இல் உச்ச நீதிமன்றம் போட்ட சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை வெளியானது. கொல்வதற்காகவே சுட்டார்கள், பத்துப் போலீஸ்காரர்கள்மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. இறந்த நால்வரில் மூன்று பேர் மைனர்கள் என்றது. அந்த அறிக்கைக்கு யாரும் பூப் போடவில்லை.

* * *

எங்கள் ஊரில் ரயில் கிடையாது. பெரம்பலூர்க்காரனுக்கு ரயில் என்றால் அரியலூர்தான். அங்கே ஏறித் திருச்சிப் பக்கம் போனால் மருதையாற்றுப் பாலம் வரும். அதைத் தாண்டும்போது எனக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும்.

ஒன்று, 1956 நவம்பர் 23. வெள்ளத்தில் பாலம் சரிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் பலி. பாலத்தை லால் பகதூர் சாஸ்திரி கட்டவில்லை, மழையையும் அவர் கூப்பிடவில்லை. ஆனாலும் ரயில்வே மந்திரி என்ற முறையில் பொறுப்பு என்னுடையது என்று ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்றுக்கொண்டார். துணை மந்திரி அழகேசன் பேரை வைத்து எதுகையோடு கோஷம் போட்டதை எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் இன்றும் சொல்வார்கள்.

இரண்டு, 1987 மார்ச். அதே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்தார்கள். ராக்போர்ட் எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாடு விடுதலைப் படைத் தலைவர் தமிழரசன் தேடப்பட்டார். அதே வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி பொன்பரப்பியில் வங்கியில் கொள்ளையடிக்க வந்த அவரையும் தோழர்கள் நான்கு பேரையும் கூட்டம் அடித்தே கொன்றது. கூட்டத்தில் மஃப்டி போலீஸ் இருந்தது என்று அவர் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். இருந்ததோ இல்லையோ, ஒன்று நிச்சயம். பாலத்தில் செத்தவர்களின் குடும்பம் கூண்டில் நிறுத்தி 'ஏன்டா செய்தாய்?' என்று கேட்டிருக்க வேண்டிய ஆளிடம், யாரும் எதையும் கேட்க முடியாமல் போய்விட்டது. அடித்துக் கொன்றால் கேஸ் முடிவதில்லை. ஃபைல் மட்டும்தான் மூடுகிறது.

சாஸ்திரி மாதிரி ராஜினாமாவை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மாடல் நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. சட்டத்தில் ஏற்கனவே இருப்பதைச் செய்தால் போதும். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டமே சொல்கிறது. கைதுக் குறிப்பு எழுதி சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும், காவலில் 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்க வேண்டும். இது 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்டேஷன்களில் கேமரா வைத்து, முடிந்தால் 18 மாதம், குறைந்தது ஒரு வருஷப் பதிவைப் பாதுகாக்க வேண்டும். இது 2020 டிசம்பரில் அதே கோர்ட். நம் வீட்டுப் பையனை யாராவது கூட்டிப் போனால் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப் போனாலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். கஷ்டம் அங்கேதான்.

ஏனென்றால் அந்த லட்டிக்கு லைசென்ஸ் கொடுத்தது அரசாங்கம் மட்டும் இல்லை. மாவுக்கட்டு போட்டோவைப் பார்த்துச் சிரித்த எங்கள் டீக்கடையும் கொடுத்திருக்கிறது. வேப்ப மரத்தடியில் மொபைல் பார்த்துக்கொண்டு நின்றவனும் கொடுத்திருக்கிறான். கெட்டவனை அடிக்கத்தான் கொடுத்தோம். யார் கெட்டவன் என்று முடிவு செய்கிற வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்பதைக் கவனிக்கவில்லை.

* * *

அந்தப் பையன் இப்போது சொந்தமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். நடப்பான், ஆனால் இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைப்பான். பத்து வருஷமாக அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குச் சரியாக ஐம்பது அடி முன்னால் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. டயருக்கும் மனசாட்சி உண்டு போலிருக்கிறது.

"வாங்கண்ணே" என்றான். டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைத் தேடினான். நான் தொண்டையைச் செருமி, "தம்பி, அன்னிக்கு அந்த ஸ்டேஷன்ல..." என்று ஆரம்பித்தேன்.

"ஆணிண்ணே" என்றான் நிமிராமல். "சின்ன ஆணிதான். ரொம்ப நாளா உள்ளயே இருந்திருக்கு."

ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தான். நூறு ரூபாய் நீட்டி, மிச்சம் வேண்டாம் என்றேன். சட்டைப் பையில் துழாவி, மீதிச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டான்.