படகுக்குக் கதவு கிடையாது

நாய்க்குட்டி வீட்டுக்கு வருகிறது என்றதும் நம் ஆட்கள் முதலில் ஆர்டர் செய்வது இரும்புக் கூண்டு. தடுப்பூசிகூட அப்புறம்தான். கேட்டால், "நாய் குகையில வாழ்ந்த பிராணி பாஸ், அதுக்கு கிரேட்தான் பிடிக்கும்" என்கிறார்கள். யூடியூபில் யாரோ ஒரு அமெரிக்கர் சொன்னது. நானும் நம்பினேன்.

பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள். கரையில் கவிழ்த்துப் போட்ட பழைய படகுக்கு அடியில் மணலைப் பறித்து ஒரு நாய் குட்டி போட்டிருக்கும். என் குட்டியை எடுத்ததும் அப்படி ஒரு படகுக்கு அடியிலிருந்துதான். குகை என்றால் அதுதான் குகை. மூன்று நான்கு வாரத்தில் குட்டிகள் வெளியே வந்துவிடும். வலை பிரிக்கும் இடத்தில் உருளும், நண்டைக் கண்டு பயந்து ஓடிவந்து திரும்பப் புகுந்துகொள்ளும். இஷ்டப்படி வரலாம், போகலாம். குட்டிகள் வளர்ந்ததும் தாயே அந்த இடத்தை விட்டுவிடும். வளர்ந்த நாய் குகையில் குடித்தனம் நடத்துவதில்லை. ஆக, அமெரிக்கர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி தாழ்ப்பாள். அதைச் சேர்த்தது நாம், நம் ஆபீஸ் நேரத்துக்காக.

(குப்பத்து நாயின் வாழ்க்கை சொர்க்கம் என்று பாட வரவில்லை. பார்வோ காய்ச்சலிலும் மீன் வண்டிச் சக்கரத்திலும் எத்தனையோ குட்டிகள் போகின்றன.)

கூண்டோடு வந்து நின்ற என்னைப் பார்த்து, மீன் கூடை வைத்திருந்த அக்கா கேட்டார்: "இன்னா தம்பி, ஜெயில்ல போடவா இட்டுனு போற?" சிரித்து மழுப்பினேன். அன்று ராத்திரி குட்டி விடிய விடிய அழுதது. "அழட்டும் விடு, போய்ப் பார்த்தா கெட்ட பழக்கம் ஆயிடும்" என்று நண்பர்கள் வாட்ஸப்பில் தைரியம் சொன்னார்கள். முந்தின நாள் வரை தாயின் வயிற்றுச் சூட்டில், உடன்பிறப்புகளோடு ஒட்டித் தூங்கிய ஜீவன். அதன் அழுகையைத் தந்திரம் என்று நினைக்க எவ்வளவு படித்திருக்க வேண்டும்!

நமக்குத்தான் கணக்கு பிடிக்குமே, கணக்கே பேசுவோம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மிஞ்சினால் மூன்று மணி நேரம்தான் மூத்திரத்தை அடக்க முடியும். நம் ஷிப்ட் ஒன்பது மணி நேரம். ஓஎம்ஆர் டிராபிக் தனி. கடைசியில் தன் கழிவிலேயே படுத்துக் கிடக்கும் குட்டியைப் பார்த்து "இது ட்ரெயின் ஆகவே மாட்டேங்குது" என்று சலித்துக்கொள்வோம். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி உலகத்தோடு பழகும் முக்கியமான காலம் என்று ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-லேயே எழுதிவிட்டார்கள். அந்த வாரங்களைத்தான் கம்பிக்குள் கழிக்க வைக்கிறோம்.

கூண்டே கூடாது என்று சொல்லவில்லை. ரயில் பயணம், ஆஸ்பத்திரி, ஆபரேஷனுக்குப் பிறகு ஓய்வு, இதற்கெல்லாம் பழகித்தான் ஆகவேண்டும். கதவைத் திறந்தே வையுங்கள். சோற்றுத் தட்டு உள்ளே இருக்கட்டும், தானே போய்த் தின்றுவிட்டு வரட்டும். தானாக உள்ளே படுக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிஷம் சாத்துங்கள், எதிரிலேயே உட்காருங்கள், அழுவதற்கு முன்பே திறந்துவிடுங்கள். ராத்திரியில் கூண்டு உங்கள் கட்டிலை ஒட்டி இருக்கட்டும். தண்டனைக்கு அதில் போடவே போடாதீர்கள். வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்கள் கையில் இல்லாதவர்கள் நாய் வளர்க்காமல் இருக்கலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

பழக்குகிற நேரம் தவிர, என் வீட்டுக் கூண்டின் கதவு கயிறு போட்டுத் திறந்தபடி கட்டியிருக்கிறது. குட்டி மத்தியானம் போய்ப் படுக்கிறது. மீட்டிங் நடுவில் எழுந்து வந்து சார்ஜர் வயரைக் கடிக்கிறது. இதுவரை இரண்டு வயர் போச்சு.