கணிப்பொறிக்கு யார் காவல்?



சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்லும்போது சன்னலோரம் அமர்ந்து பாருங்கள். சேகோ ஆலை, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, முட்டைக் கிடங்கு என்று கண்ணில் படும். இவற்றுள் பல, சிலரே வேலை செய்யும் சிறு தொழில்கள். அங்கும் இன்று ஒரு கணிப்பொறியோ கைப்பேசியோ கணக்கு எழுதுகிறது, பணம் அனுப்புகிறது. கல்லாப்பெட்டிக்குப் பூட்டு உண்டு. கணிப்பொறிக்கு?

“நாம் சிறியவர்கள்; நம்மை யார் தாக்கப் போகிறார்கள்?” என்று பலர் எண்ணுகிறார்கள். 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற தீநிரல் பரவத் தொடங்கிச் சுமார் 150 நாடுகளை அலைக்கழித்தது. அது ஆள் பார்த்து வரவில்லை. விண்டோஸில் ஓர் ஓட்டை அடைபடாமல் இருந்த கணிப்பொறிகளைத் தேடிப் பிடித்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! ‘அப்டேட்’ கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளுவது எவ்வளவு ஆபத்து என்பது புரிகிறதா?

இன்னொரு நிகழ்ச்சி நம் மாநிலத்தது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிருவாக வேலைக்கான ஒரு கணிப்பொறியில் தீநிரல் புகுந்தது. உலையை இயக்கும் வலை அதனோடு இணைக்கப்படாமல் தனியே இருந்ததால் ஆலைக்குப் பாதிப்பில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. பாடம் எளிது. கணக்குப் பார்க்கும் கணிப்பொறியில் சினிமாப் படம் இறக்காதீர்கள்.

இனிக் கொஞ்சம் கணக்கு. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26. எட்டெழுத்துக் கடவுச்சொற்கள் ஏறத்தாழ 20,900 கோடி. நொடிக்கு நூறு கோடி சொற்களைச் சோதிக்கும் பொறிக்கு இது மூன்றரை நிமிட வேலை. பன்னிரண்டு எழுத்தாக்கினால்? அதே பொறிக்கு மூன்று ஆண்டுகள்! நான்கே எழுத்துகள் செய்யும் மாயம் இது. ஆனால் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு எடுத்திருக்க வேண்டும். முதலாளி மகள் பெயரும் லாரி எண்ணும் என்றால் இந்தக் கணக்குச் செல்லாது.

இத்தனை பூட்டுகளையும் ஒரு குறுஞ்செய்தி திறந்துவிடும். என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிபாளையம் பக்கம் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறார். ஒரு மாலை, முதலாளியின் படத்தோடு செய்தி வந்தது: “கூட்டத்தில் இருக்கிறேன். பேச முடியாது. இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பு.” அனுப்பிவிட்டார். பணம் போயிற்று. “ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே?” என்றேன். “கேட்டா முதலாளி திட்டுவாருங்க சார்” என்றார்.

அவரை எல்லோரும் ஏமாளி என்றார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். திருடன் பயன்படுத்தியது அவருடைய அறியாமையை அல்ல, அச்சத்தை. கேள்வி கேட்டால் திட்டு விழும் கடையில் எந்த விலையுயர்ந்த பாதுகாப்பு நிரலும் பயன்படாது. “பணம் அனுப்புமுன் எனக்குத் தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேள், நான் எரிந்து விழமாட்டேன்” என்று முதலாளி சொல்ல வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் இதுதான் மிகக் கடினம் என்பது என் கருத்து.

உங்களில் பலர் நாளை இத்தகைய இடங்களில் வேலைக்குச் செல்வீர்கள், சிலர் முதலாளியாவீர்கள். இப்போதே உங்கள் வீட்டாரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். கணக்குகளின் நகல் ஒன்று, கணிப்பொறியிலிருந்து கழற்றித் தனியே வைக்கப்பட்டிருக்கிறதா? ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்களா? பணம் பெறுவதற்கு ‘பின்’ எண் தேவையே இல்லை என்பது தெரியுமா? பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது தெரியுமா?

கேள்வி கேட்பது அறிவியலின் முதல் பாடம். அதுவே கல்லாப்பெட்டிக்கும் காவல்.