மனையும் அயலும்

வீடு கட்டத் துணிந்தவர் நாள் பார்க்கின்றார், மனையடி பார்க்கின்றார், நிலை நிறுத்தும் வேளையையும் தவறாது பார்க்கின்றார். உள்ளூராட்சி மன்றத்தில் வரைபடத்தைக் காட்டி அனுமதி பெறும் ஒன்றை மட்டும், சுவர் எழும்பிய பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கின்றார். பெரியநீலாவணை தொடங்கித் தெற்கே நீளும் நம் கரையூர்களில் இஃது ஒரு வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. ‘என் காணி, என் பணம், யாரைக் கேட்கவேண்டும்?’ என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

சட்டம் புதியதன்று. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், அஃது ஆளும் பகுதிகளில் புது வீடு எழுப்புவதற்கும், இருக்கும் வீட்டை மாற்றிக் கட்டுவதற்கும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்றது. கட்டி முடித்த வீடு வரைபடத்தோடு பொருந்துகின்றது என்ற சான்றிதழைப் பெற்ற பின்னரே குடிபுகவேண்டும் என்பதும் அதன் விதியே. கட்டடத்தை முன்கூட்டி வகுக்கும் மரபோ அதனினும் பழையது. நூலறிந்தோர் கயிறு பிடித்துத் திசை தேர்ந்து அரண்மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகின்றது.

இவ்விதியின் தேவை நம் ஊர்களில் இன்னும் மிகுதி. ஈண்டுத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் மகளுக்கு வீடு கொடுத்தே மணமுடிக்கும் முறை உண்டு. மூன்று பெண்மக்களைப் பெற்றவர், ஒரு வளவுக்குள்ளேயே மூன்று வீடுகளை எண்ணுகின்றார். கிழக்கே கடல், மேற்கே வயல். இடைப்பட்ட மணற்றிடல் வளர்வதில்லை. வளவு துண்டாகின்றது, துண்டின் எல்லைவரை சுவர் நீள்கின்றது. கிணறு ஒருவருடையது, அதனையடுத்து மலக்குழி மற்றொருவருடையது. நிலத்தடி நீருக்கு வேலி ஏது? மணலூடே கசிவது உறுதிப்பத்திரத்தைப் பார்த்துத் திரும்பிச் செல்வதுமில்லை. ஆதலால், அனுமதி கேட்டல் அதிகாரத்துக்குத் தலைவணங்குதலன்று. ‘உன் கிணற்றையும் காற்றையும் வழியையும் கெடுக்கமாட்டேன்’ என்று அயலானுக்கு அளிக்கும் வாக்குறுதியாகும்.

இனி, மக்கள்மீதே முழுப் பழியையும் சுமத்துதல் அறமன்று. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்புறம் 300 மீற்றர்வரை கரையோர வலயம் என வகுத்து, அதனுள் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி வேண்டும் என்றது. அவ்விதியைக் குடிமக்களுக்கு வீடுதோறும் விளங்கவைத்தவர் எத்துணையர்? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனத் தடை எல்லை அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. அயலூராகிய மருதமுனையில் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே ஒரு குடியிருப்பு பெயர்பெற்றது. அளவு மாறலாம்; மாறிய காரணம் மக்களுக்குச் சொல்லப்படல் வேண்டும். காரணம் அறியாதவன் கண்ணுக்கு எல்லைக்கோடு, இன்று போட்டு நாளை அழிக்கும் கோடாகவே தோன்றும். அதனை அவன் மதியான்.

ஆகவே இரு திறத்தாரும் செய்யவேண்டுவன உள. விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டியவை யாவை, கட்டணம் எவ்வளவு, முடிவு எத்தனை நாளில் வரும் என்பவற்றை எளிய தமிழில் எழுதி, மன்றத்தின் வாயிலிலேயே தொங்கவிடுதல் வேண்டும். மறுப்பதாயின், எதனைத் திருத்தினால் ஏற்கலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். மணநாள் குறித்துவிட்ட தந்தையை, காரணம் கூறாது பலகால் அலையவைக்கும் அலுவலகம், சட்டத்தை மீறும் வழியைத் தானே காட்டிக்கொடுக்கின்றது.

பெற்றோரும் மணப்பேச்சு முற்றிய பின்னர் வரைபடக்காரரைத் தேடாது, மகள் பள்ளியில் பயிலும்போதே வளவை அளந்து, கிணறு எங்கே, குழி எங்கே, வழி எங்கே என வகுத்துவைத்தல் நன்று. அனுமதியின்றி எழுந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும் தந்தை, வீட்டோடு ஒரு வழக்கையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கின்றார். அது சீதனமாகாது.