பழைய வண்டியைப் புதுசாக்க வேண்டாம், ஓட வைத்தால் போதும்

பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் வண்டிகளைத் தேடி எடுத்துச் சரிசெய்யும் ஆசை இப்போது நம் தென்காசிப் பக்கத்திலும் பரவியிருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், அப்பா ஓட்டிய வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட மனம் வராத பிள்ளைகள் என்று பலரும் இறங்கியிருக்கிறார்கள். புளியங்குடியில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் இந்த வேலை நடக்கிறது. அதில் ஒன்று என் வீடு.

ஆசை நல்லதுதான். ஆனால் அது போகிற வழி எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியை ஏதாவது ஒரு பெரிய ஊர்க் கடைக்கு லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். லட்சக்கணக்கில் செலவாகிறது. ஆறு மாதம் கழித்து முகம் பார்க்கிற மாதிரி குரோம் பூச்சோடு, புது டேங்க், புது மட்கார்டு, காதைக் கிழிக்கிற சைலன்சரோடு வண்டி வந்து இறங்குகிறது. ஒரு வாரம் ஊரே வந்து பார்க்கிறது. பிறகு உறை போட்டுப் போர்ட்டிகோவில் நிறுத்திவிடுகிறார்கள். கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே எடுப்பதே இல்லை. சில மாதத்தில் பேட்டரி செத்துவிடும். மறுபடி அது ஓடாத வண்டிதான், என்ன, பளபளப்பான ஓடாத வண்டி.

என் கருத்து இதுதான்: பழைய வண்டியைப் புதுப்பிப்பது என்றால் அதை ஓட வைப்பது, முடிந்தவரை நம் கையாலேயே ஓட வைப்பது. புதுசுபோல் ஆக்குவது வேறு வேலை. அதற்குப் புது வண்டியே வாங்கிவிடலாம்.

இந்த விஷயத்தில் நமக்கெல்லாம் முன்னோடி கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு. 1893ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர், பள்ளிப்படிப்பு பெரிதாக இல்லாதவர். ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். வண்டி கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி மறுபடி மாட்டியதுதான். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அந்த மனிதர்தான் 1920ல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார், பிறகு பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். எல்லாரும் ஜி.டி.நாயுடு ஆக முடியாது. ஆனால் வீட்டுக் கொட்டகையில் ஒரு வண்டியைக் கழற்றி மாட்டுவது நம் ஊர் ஆளால் ஆகாத காரியம் இல்லை என்பதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய சாட்சி அது.

அந்தக் கால வண்டிகளும் அதற்குத் தோதாகத்தான் செய்யப்பட்டன. புல்லட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்க, சென்னை திருவொற்றியூரில் வண்டி தயாரானது. இங்கிலாந்தில் 1970ல் தயாரிப்பே நின்றுபோனது. இங்கே நிற்கவில்லை. 1977ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது. அதே வார்ப்பிரும்பு இன்ஜின், ஒரே சிலிண்டர், 346 சிசி, பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. பத்துப் பன்னிரண்டு ஸ்பானர், நல்ல வெளிச்சம், பொறுமை இருந்தால் பெரும்பகுதி வேலையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். உதிரி பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது.

யெஸ்டிக்கும் இது பொருந்தும். மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996ல் மூடப்பட்டது. ஆனால் உதைக்கிற கிக்கரே மடங்கி கியர் லிவராக மாறுகிற அந்த வண்டியைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கம் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு வண்டி 1984 மாடல் புல்லட். என் அண்ணன் வாங்கியது. அவர் எலுமிச்சை வியாபாரி. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பார்க்க அவர் இல்லை. விடியக்காலையில் தோட்டத்துக்கும் பிறகு மண்டிக்குமாக அந்த வண்டியில்தான் அலைந்தார். அவர் போன பிறகு எட்டு வருஷம் தொழுவத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. மாடுகள் போய்விட்டன, தொழுவம் இருந்தது. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே ஒரு டியூப் லைட் மாட்டி வேலையைத் தொடங்கினேன்.

இந்த வேலையில் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, அதில் உள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். என் நண்பர் ஒருவர் வண்டியை வெளியூர்க் கடையில் கொடுத்தார். கடையின் பெயர் வேண்டாம். இன்ஜின் உறையில் விரிசல் என்று சொல்லி வேறு உறையை மாட்டி அனுப்பிவிட்டார்கள். எண் அந்த உறையில்தானே இருக்கிறது! இப்போது வண்டி அருமையாக ஓடுகிறது, காகிதத்தில் அது வேறு வண்டி. பெயிண்ட் அடிக்கும்போதும் சேஸிஸ் எண்ணின் மேல் பட்டி பூசி மறைத்துவிடாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். எங்கள் வண்டி இப்போது அண்ணன் மகள் பெயரில் இருக்கிறது.

பிறகுதான் கழற்றும் வேலை. கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதிவிட்டால் மாட்டும்போது கண்ணீர் வராது. துருப்பிடித்த சின்னச் சாமான்களுக்கு எங்கள் ஊரில் மருந்து இலவசம். மண்டியில் கழித்துப் போடும் எலுமிச்சையைப் பிழிந்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். சிட்ரிக் அமிலம் துருவைக் கரைத்துவிடும். காலையில் எடுத்து ஆப்பசோடாத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். விட்டால் மதியத்துக்குள் மறுபடி துரு ஏறும். குரோம் பூசிய சாமானை அதில் போடக் கூடாது. பழைய பிரேக் ஷூவில் கல்நார் கலந்திருக்கும், டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இது உயிர் விஷயம்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்ய முடியாது. சிலிண்டரை போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது லேத் பட்டறை வேலை. சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதற்கும் கை பழகிய ஆள் வேண்டும். நான் போய் நின்றது எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம். கடையை விட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தார். நாற்காலியைத் தொழுவத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தம்பி, அந்தப் பாயிண்ட்ட கொஞ்சம் ஒதுக்கும். சத்தம் பிந்துது பாத்தீரா?" என்பார். எனக்கு ஒன்றும் பிந்தவில்லை. மூன்றாம் வாரம்தான் அந்தச் சத்தம் என் காதுக்கும் பிடிபட்டது. அவருக்கு இருந்த பத்துப் பதினைந்து சிஷ்யப் பிள்ளைகளில் இன்று ஒருவர்கூடத் தொழிலில் இல்லை. வண்டியைப் பெரிய கடைக்கு ஏற்றி அனுப்பியிருந்தால் எனக்கு வண்டி திரும்பி வந்திருக்கும், அந்தக் காது வந்திருக்காது. ஊர்க்காரர்கள் கொட்டகையில் வேலை செய்தால்தான் இப்படிப்பட்டவர்களிடம் இருப்பது இன்னொருவருக்குப் போய்ச்சேரும். நான் வீட்டில் செய்யச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான், பணம் மிச்சமாவது அடுத்ததுதான்.

டேங்கின் இடது பக்கம் ஒரு பெரிய நெளிவு இருந்தது. வாசுதேவநல்லூர் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கும்போது பனைமரத்தில் இடித்தது. அண்ணன் அதைத் தட்டி எடுக்கவே இல்லை. என் மகன் பெங்களூரிலிருந்து போனில், "அப்பா, புது டேங்கே கிடைக்குது, மாத்திருங்க, பெரியப்பா வண்டி பளிச்சுனு இருக்கணும்" என்றான். அண்ணன் மகளிடம் கேட்டேன், வண்டி அவளுடையதல்லவா. அவள் நேரில் வந்தாள். நெளிவில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, சின்னப்பிள்ளையில டேங்க் மேல உக்காந்து போகும்போது என் முழங்கால் இதுக்குள்ளதான் இருக்கும். இத எடுத்துட்டா இது எந்த வண்டியோ" என்றாள். உள்ளே துருவை எடுத்தோம், ஒழுகலை அடைத்தோம், நெளிவை விட்டுவிட்டோம். என் மகனுக்கு இன்னும் வருத்தம்தான்.

இந்த இடத்தில் உணர்ச்சிக்குப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உலக அளவில் பழைய வாகனங்களுக்கான ஃபிவா என்ற கூட்டமைப்பு, 30 ஆண்டுக்கு மேலான, அசல் நிலையில் பாதுகாக்கப்பட்ட, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியைத்தான் வரலாற்று வாகனம் என்கிறது. நம் மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதியும், பெரிய மாற்றங்கள் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. அலாய் வீலும் அலறும் சைலன்சரும் போட்டால் உணர்ச்சியும் போயிற்று, தகுதியும் போயிற்று.

ஆனால் அந்த விதியில் எனக்கு ஒரு குறை. அது 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். எங்கள் வண்டி 2034ல்தான் அந்த வயதை எட்டும். அதுவரை அது சாதாரண வண்டி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 1,000 ஆனது, 20 ஆண்டு கடந்த இரு சக்கர வாகனங்களுக்கு 2025ல் 2,000 ஆனது. பசுமை வரி தனி.

பழைய வண்டி புகை கக்கும், அதனால்தான் கட்டணத்தை ஏற்றுகிறார்கள் என்பார்கள். நியாயமான வாதம். தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற பராமரிப்பில்லாத பழைய வண்டிக்கு அது முழுக்கப் பொருந்தும். வாரம் ஒருநாள் சிந்தாமணி வரை போய்த் திரும்புகிற, டியூன் செய்த வண்டியையும் அதே தராசில் வைப்பதுதான் சரியில்லை. ஃபிவா சொல்கிற 30 ஆண்டைப் பிடித்துக்கொண்டு, அசல் நிலையில் உள்ள வண்டிக்குக் குறைந்த கட்டணம், வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று ஒரு வரம்பு, கட்டாயப் புகைச் சோதனை என்று தனிப் பிரிவு வைக்கலாம். வரம்பை மீறினால் கட்டணத்தைக் கூட்டட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

"இந்த வயசில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. புல்லட்டை உதைப்பதில் பலத்தைவிட முறைதான் முக்கியம். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் அம்மீட்டர் ஊசி நடுவுக்கு வரும். டீகம்ப்ரஷனைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கி, விட்டு, கிக்கரை மேலே வர விட்டு ஒரே உதை. அறுபத்து நாலு வயதில் எனக்கு இரண்டாவது உதையில் கிளம்புகிறது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டி பழகியவர்கள் முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

உங்கள் வீட்டுத் தொழுவத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு வண்டி கிடந்தால் முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். அது கிடைத்ததும் உங்கள் ஊரில் கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிற பழைய மெக்கானிக் யார் என்று விசாரியுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவாவது. பெயிண்ட் கடைக்கு அப்புறம் போகலாம், அவசரமில்லை.